இன்ஜின் ஆயில் மெதுவாகக் கசிகிறதா? அறிகுறியை வைத்து இடத்தைப் பிடிப்பது எப்படி

ஆயில் கசிவு என்றாலே முதலில் பழி விழுவது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பர் மேல்தான். எங்கிருந்து கசிந்தாலும் ஆயில் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின்மூலையில் கசியத் தொடங்கும் ஆயில், இன்ஜின் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, சேம்பரின் விளிம்பைப் பிடித்து ஓடி, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் தலையில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தப் போல்ட் மட்டும். வாஷர் மாற்றுவார்கள், அப்புறம் சேம்பரைக் கழற்றி, இணைப்பை அடைக்கும் பேக்கிங்கை மாற்றுவார்கள், சொட்டு மட்டும் நிற்காது.

அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். கார் ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளும் என்பதால், உயரமாகவும் முன்பக்கமாகவும் உள்ள ஈரமே மூலம். அதைக் கண்ணால் பார்க்காதவரை எந்தப் பேக்கிங்கும் வாங்காதீர்கள்.

முதலில், அது இன்ஜின் ஆயில்தானா?

இரவு காரை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் அட்டையில் எங்கே வருகின்றன என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கறையின் இடமும் நிறமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பெட்ரோல் கார் ஆயில் பழுப்பாகவும் டீசல் கார் ஆயில் மை போலக் கறுப்பாகவும் இருக்கும். டீசலில் புது ஆயிலே சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயில் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறமாகவும், விரலில் தேய்த்தால் வழவழப்பான தண்ணீராகவும் இருந்தால் கூலன்ட். மங்கலான மஞ்சளில், கெட்டியான ஆயிலாக, கந்தக நெடி அடித்தால் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில். பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் சீல் பக்கம் இருக்கும். கறை சக்கரத்தின் உட்புறம் வழிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் தேடுவதை நிறுத்திவிட்டு, காரையும் நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, அது நல்லதே.

எவ்வளவு போகிறது?

தரையில் விழும் கறை அளவை மிகைப்படுத்திக் காட்டும். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மி.லி. ஓர் இரவில் 10 சொட்டு விழுந்தால் அரை மி.லி., மாதத்துக்கு 15 மி.லி. வீட்டு வாசல் டைல்ஸ் பாழாகுமே தவிர இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நேர்மாறாக, இன்ஜின் ஓடும்போது மட்டும் அழுத்தத்தில் தெறிக்கும் கசிவு, வாசலில் ஒரு சொட்டும் விடாமல் 1000 கி.மீ.க்குள் அரை லிட்டரைத் தின்றுவிடும். கறையை நம்பாமல், ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை நம்ப வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

காலையில், இன்ஜினைத் தொடும் முன், எப்போதும் ஒரே சமதளத்தில் நிறுத்தி அளவு பாருங்கள். ஒருமுறை துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். கிலோமீட்டரையும் மட்டத்தையும் குறித்துவிட்டு 1000 கி.மீ. ஓட்டுங்கள். பெரும்பாலான கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். சிறிய பெட்ரோல் கார்களில் மொத்தமே 3 லிட்டர் சுற்றித்தான் இருக்கும் என்பதால் அந்த ஒரு லிட்டர் சின்ன விஷயமல்ல.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் குறைந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு அல்ல. ஆயில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகே அது எரியும். அப்போது பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும், பேரிங் உலோகம் உலோகத்தோடு உரசிக்கொண்டிருக்கும். வளைவில் ஒரு கணம் மினுக்கினாலும் சரி, ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும். அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினால், இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைச் சரிசெய்யும் வேலைதான்.

சுத்தம் செய்யாமல் தேடாதீர்கள்

பல மாத ஆயிலும் புழுதியும் அப்பிய இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது டிகிரீசர் அடித்து, 10 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். அதற்கு முன் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் கவரால் கட்டிவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் விட்டால் டீசலை ஸ்பிரே செய்து, பிரஷர் பம்ப்பால் அடிப்பார்கள். பளபளப்பாக வரும், ஆனால் இரண்டு தொல்லை உண்டு. டீசல் ரப்பர் ஹோஸ்களையும் இன்ஜின் மவுண்டிங்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். அந்த வேகத் தண்ணீர் கனெக்டர்களுக்குள் புகுந்து, கசிவைத் தேடப் போனவருக்குச் சென்சார் கோளாறைக் கொடுத்தனுப்பும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல் டீசலோ மண்ணெண்ணெயோ பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

காய்ந்ததும், சந்தேகமான இணைப்புகளின் விளிம்பைப் பிரேக் கிளீனர் அடித்துப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். அடிப்பக்க பிளாஸ்டிக் கவர் இருந்தால் கழற்றியே வையுங்கள். அந்தக் கவர் ஆயிலைச் சேர்த்து வைத்து, சம்பந்தமே இல்லாத மூலையில் ஒழுகவிடும்.

சுத்தமான உலோகத்தில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிய பிரஷ்ஷால் பூசுங்கள். பெல்ட்டிலும் ஏர் ஃபில்டர் அருகிலும் வேண்டாம். 15 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் இறங்கிய தடம் கோடாகத் தெரியும், அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். கை புகாத பின்பக்கத்துக்கு ஃபோனில் வீடியோ போட்டு, ஃபிளாஷை எரியவிட்டு, உள்ளே நுழைத்து எடுங்கள். பல் டாக்டர் கண்ணாடியை விட இது உபயோகம்.

காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எப்போது கசிகிறது?

இதை மட்டும் சரியாகக் கவனித்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும். இன்ஜினுக்குள் ஆயில் இரண்டு நிலையில் இருக்கிறது. ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வ் டைமிங் சோலனாய்டு, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் பைப் ஆகிய இடங்களில் பம்ப்பின் அழுத்தம் உண்டு. வேகத்தில் 3, 4 பார் வரை போகும். இங்கே கசிவு இருந்தால் இன்ஜின் ஓடும்போது பீய்ச்சும், அணைத்ததும் நிற்கும். டேப்பட் கவர், சேம்பர், கிராங்க் சீல்கள் போன்றவற்றில் அழுத்தம் இல்லை. தெறிக்கும் ஆயிலும் வடியும் ஆயிலும்தான் அங்கே. அவை நிதானமாகக் கசியும், அணைத்த பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும்.

அடிப்பகுதி முழுக்க, பின்பக்கம் சைலன்சர் பைப் வரை ஆயில் தெளித்திருக்கிறது, ஆனால் நிறுத்திய இடத்தில் கறை குறைவு என்றால் அழுத்தமுள்ள பகுதியில் தொடங்குங்கள். காலையில் கறை, ஓட்டினாலும் பெரிய மாற்றம் இல்லை என்றால் மற்றதில்.

அறிகுறி: நிறுத்தியதும் எரிந்த வாடை, தரையில் ஒன்றுமில்லை

சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகக் கருகிய ஆயில் வாடை வருகிறது, பானெட்டைத் திறந்தால் லேசான புகை. டேப்பட் கவர் பேக்கிங் போய், ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டு மேல் விழுந்து எரிகிறது. தரைக்கு வரும் முன்பே எரிந்துவிடுவதால் கறை இருக்காது.

கவரின் விளிம்பைச் சுற்றிலும் விரலை ஓட்டுங்கள், முக்கியமாகப் பின்பக்கம். வெளியே துருத்தும் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி மீளும். போன ரப்பர் பிளாஸ்டிக் போல டக்கென்று நிற்கும். அப்படி இறுகிவிட்டால் போல்ட்டை இன்னும் முறுக்குவதில் பலன் இல்லை. பழைய தக்கைப் பேக்கிங்கில் அந்த வித்தை கொஞ்சம் வேலை செய்தது. இப்போதைய கவர்களில் போல்ட்டின் தோள் உலோகத்தில் முட்டி நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேலே முறுக்கினால், கவர் அமரும் ஹெட்டில் மரை போகும் அல்லது பிளாஸ்டிக் கவர் விரியும்.

மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இன்ஜின் ஆறிய பிறகு காயில், பிரீதர் ஹோஸ் கழற்றி, கவர் விளிம்பில் உள்ள மண்ணை முதலில் ஊதித் துடையுங்கள். இல்லாவிட்டால் அது வால்வுகளைத் திறக்கும் கேம் மேல் விழும். கவரை எடுத்ததும் பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், ஸ்குரூடிரைவரால் அலுமினியத்தைக் கீறாதீர்கள். ஒரு கீறல் போதும், அடுத்த கசிவு அங்கேதான். புதுப் பேக்கிங்கைப் பள்ளத்தில் உலர்வாகவே அமர்த்த வேண்டும். அனபாண்ட் என்று கடையில் கேட்டு வாங்கும் சிலிக்கான் பசை, சுற்றிலும் பூசுவதற்கு அல்ல. டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளிலும், அரைவட்ட அடைப்புகளின் ஓரங்களிலும் பட்டாணி அளவு வைத்தால் போதும். அதிகம் வைத்தால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு சுற்றாக முறுக்குங்கள். பெரும்பாலான சிறு கார்களில் அளவு 8 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டால் முறுக்கும் பலம், தோள் பலம் வேண்டாம். உங்கள் காரின் அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பசை டியூப்பில் போட்டிருக்கும் நேரம் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அறிகுறி: மிஸ்ஸிங் (இன்ஜின் திக்கித் திக்கி ஓடுவது), பிளக் குழியில் ஆயில்

ஸ்பார்க் பிளக் ஹெட்டின் நடுவே ஆழமான குழிக்குள் இருக்கும் இன்ஜின்களில், அந்தக் குழியைச் சுற்றியும் ஒரு சீல் உண்டு. அது போனால் வெளியே ஒரு துளியும் தெரியாது. காயிலை உருவினால் ரப்பர் குழாய் ஆயிலில் ஊறி உப்பியிருக்கும். பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். குழி சீல் சில கவர்களில் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் கவரோடு சேர்ந்தே வரும். வாங்கும் முன் கேளுங்கள். உப்பிய காயில் ரப்பரையும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஆயில் மாற்றிய மறுநாளே கசிவு

இங்கே புதுக் கோளாறைத் தேடாதீர்கள், போன வாரம் தொட்ட இடத்தைப் பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது கொட்டியது அடிக் கவரில் தேங்கி இரண்டு மூன்று நாள் சொட்டும். துடைத்துவிட்டுப் பார்த்தால் நின்றுவிடும்.

நிற்காவிட்டால் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதை ஏற்றியிருந்தால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஐடிலில் (நின்றபடி ஓடும்போது) தாங்கும், வேகம் எடுத்ததும் பிதுங்கி நிமிடங்களில் ஆயிலைக் காலி செய்யும். மெதுவாக ஆரம்பித்து இன்ஜினையே வாங்கிவிடக்கூடிய கசிவு இது. கழற்றி, முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் முறுக்கினால் போதும். ஃபில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்.

டிரெயின் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்குவதற்கென்றே செய்தது. பழையதைத் திருப்பிப் போட்டால் பாதி நேரம் கசியும். விலை ஒரு டீ காசுகூட இல்லாத பொருளுக்கு ஷெட்டுகளில் கஞ்சத்தனம் செய்வது ஏனென்று புரியாது. முறுக்கும் அளவு பல பெட்ரோல் கார்களில் 35 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள். அலுமினிய சேம்பரில் நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் மரை உதிரும். உதிர்ந்த மரைக்குப் பசை தீர்வல்ல, ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரை போட வேண்டும்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி பிரீதர் வழியே வெளியேற்றும், அது கசிவு போலவே தெரியும்.

அறிகுறி: ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிவு

நான்கு வருடம் சும்மா இருந்த டேப்பட் கவர், முன் கிராங்க் சீல், டிப்ஸ்டிக் குழாய் எல்லாம் ஒரே மாதத்தில் நனைந்தால், சீல்கள் பேசிவைத்துக்கொண்டு போகவில்லை. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. இதைப் பார்க்காமல் சீல் மாற்றிக்கொண்டே போனால் புதுச் சீலும் கசியும். வேலையைச் செய்தவருக்கும் காசு கொடுத்தவருக்கும் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்புவது பி.சி.வி. வால்வும் அதன் ஹோஸும். கசடு சேர்ந்து வால்வு அடைத்தாலோ, ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொண்டாலோ, வாயு பலவீனமான சீலைத் தேடி வெளியேறும். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் கார்களில் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு இன்ஜின் சூடாவதே இல்லை.

சோதனை எளிது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி வாயில் மெல்லிய பாலித்தீன் கவரையோ கையுறையையோ இறுக்கிப் பிடியுங்கள். பெட்ரோல் காரில் அது மெதுவாக உள்ளே உறிஞ்சப்பட்டால் நல்லது. பலூன் மாதிரி உப்பினால் அழுத்தம் இருக்கிறது. டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும் இதே அறிகுறிதான். வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், பழைய வகையில் கடகடவென்று சத்தம் வர வேண்டும். கார்ப் கிளீனரால் கழுவலாம். ஆனால் வால்வின் விலையைப் பார்த்தால் புதிது போடுவதே மேல். ஹோஸை வாயால் ஊதிப் பாருங்கள்.

வால்வும் ஹோஸும் சரி, ஆனாலும் உப்புகிறது, மூடியைத் திறந்தால் பஸ் புகை போலக் குபுகுபுவென்று வருகிறது என்றால் ப்ளோபை, அதாவது ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு, அதிகம். ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்துவிட்டுத்தான் சீலுக்குச் செலவழிக்க வேண்டும்.

டர்போ டீசலில் இந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாது. மேனிஃபோல்டில் அந்த உறிஞ்சல் இருக்காது என்பதால் சிறிது உப்புவது இயல்பு.

அறிகுறி: பிளாக்கின் நடுவிலிருந்து, கனெக்டரில் ஆயில்

ஆயில் பிரஷர் சுவிட்ச் சின்னப் பொருள், மலிவும்கூட, ஆனால் சேம்பருக்கும் பின் சீலுக்கும் வீண்பழி வாங்கித் தருவதில் முதலிடம் இதற்குத்தான். பல இன்ஜின்களில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கனெக்டரை உருவிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்சின் உள்சவ்வு போய்விட்டது, வேறு சோதனை தேவையில்லை. சில சமயம் ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறி, தள்ளியிருக்கும் கனெக்டரில் எட்டிப்பார்க்கும்.

புதியதைப் போடும்போது மரையில் சீலன்ட் தேவையா என்று பார்த்து, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள். சாய்மரை என்பதால் வலுவாக முறுக்கினால் அலுமினிய பிளாக் விரிசல் விடும். சோலனாய்டு, கேம் சென்சார் ஆகியவற்றின் ஓ-ரிங்குகளும் இதே வகை: சில ரூபாய் ரப்பர், பெரிய பயமுறுத்தல். பழைய மாருதி 800-இல் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் போனால் ஆயில் கிளட்ச் ஹவுசிங் மேலேயே வழியும். பார்ப்பவர் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்.

அறிகுறி: பெல்ட் பக்கம் வட்டமாகத் தெளித்த ஆயில்

கிராங்க் புல்லிக்குப் பின்னால் நனைந்து, சக்கர வளைவின் உட்புறம் ஒரே கோட்டில் தெளித்திருந்தால் முன் கிராங்க் சீல். இதில் இன்ஜினைப் பொறுத்து அவசரம் மாறும். கிராங்கையும் கேமையும் இணைப்பது டைமிங் செயினாக உள்ள இன்ஜினில் மெதுவாகச் செய்யலாம். டைமிங் பெல்ட் உள்ளவற்றில், அதாவது பழைய மாருதி 800, பழைய சான்ட்ரோ, 1.5 டிசிஐ டீசல் போட்ட டஸ்டர் போன்றவற்றில், ஆயில் பெல்ட்டில் பட்டால் ரப்பர் உப்பிப் பற்கள் உரியும். நனைந்த பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடுவது கூடாது. சீல், கேம் சீல், பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர் எல்லாம் ஒரே கையில் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் கூலி ஒன்றுதான்.

பழைய சீலை எடுத்ததும் கிராங்க் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் உதடு உரசிய இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால், புதுச் சீலை இரண்டு மி.மீ. முன்பின் தள்ளி அமர்த்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். சாதாரண ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவிப் போடுவார்கள். வெளிர் நிற அல்லது கறுப்புத் தட்டையான உதடு கொண்ட டெஃப்லான் வகைச் சீலுக்கு ஒரு சொட்டுக்கூடத் தடவக் கூடாது. உலர்வாக ஏற்றி, உதடு ஷாஃப்ட்டில் படிய சில மணி நேரம் விட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். புதுச் சீல் போட்டும் கசிகிறது என்று திரும்பி வரும் கார்களில் இந்தத் தவறு அடிக்கடி இருக்கும்.

அறிகுறி: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கத் துளையில் சொட்டினால் பின் கிராங்க் சீல் என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். சீல் என்னவோ சில நூறு ரூபாய். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. அதனால் இந்தத் தீர்ப்பைக் கடைசியாகத்தான் ஏற்க வேண்டும்.

முதலில் மேலே பாருங்கள்: டேப்பட் கவரின் பின்மூலை, கேம் ஷாஃப்ட்டின் கடைசி அடைப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது கேம் சென்சார் ஓ-ரிங், பிரஷர் சுவிட்ச். இந்த நான்கும் உலர்ந்திருந்தால் மட்டும் அடுத்தது. சொட்டை விரலில் எடுத்து முகருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், இன்ஜின் சீல் அல்ல. இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும் என்றாலும் வாங்கும் பொருள் வேறு. கிளட்ச் வழுக்குவதும், முதல் கியரில் எடுக்கும்போது காரே நடுங்குவதும், ஆயில் கிளட்ச் பிளேட்டைத் தொட்டதற்கு அடையாளம்.

இறக்கியாயிற்று என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல், ரிலீஸ் பேரிங், தேய்மானம் பாதி தாண்டிய கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். இறக்கும் முன் ஒரு விஷயம்: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், அந்த நகர்வைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தோடு எந்தச் சீலும் நிற்காது.

டர்போ டீசலில் கூடுதலாக

டர்போ காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் இணைப்பில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு, பிரீதரிலிருந்து வருவது. கிளாம்பை இறுக்கி விட்டுவிடலாம். ஹோஸைக் கழற்றினால் ஆயில் குட்டையாக ஊற்றினால்தான் கவலை. டர்போவைக் குற்றம் சொல்லும் முன், அதிலிருந்து சேம்பருக்கு இறங்கும் தடித்த ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள். அது கசடால் அடைத்தால் நல்ல டர்போகூட இரண்டு பக்கமும் ஆயில் தள்ளும். மேலே வரும் சன்னப் பைப்பின் செம்பு வாஷர்களைக் கழற்றியபோதெல்லாம் மாற்ற வேண்டும். டர்போ சூட்டில் சொட்டும் ஆயில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயில் குறைகிறது, எங்கேயும் ஈரமில்லை

அப்படியானால் எரிகிறது. இரவு நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு குபுக், பிறகு சுத்தம் என்றால் வால்வு சீல். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தபடியே நீலம் வந்தால் ரிங். கூலன்ட் டேங்கில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கெட். இவை கசிவு வேலை அல்ல, வேறு கணக்கு.

எதுவும் பிடிபடவில்லை என்றால்: டை

இன்ஜின் ஆயிலுக்கான யூவி டை (யூவி ஒளியில் மின்னும் சாயம்) வாங்கிப் பாட்டிலில் சொன்ன அளவு ஊற்றுங்கள். 4, 5 லிட்டருக்கு 30 மி.லி. என்பது வழக்கமான அளவு. ஏசி டை வேறு, அதை ஊற்றக் கூடாது. வேகமான கசிவுக்குக் கால் மணி நேரம் ஓடினால் போதும், மெதுவான கசிவுக்கு 200, 300 கி.மீ. ஓட்ட வேண்டும். இருட்டில், மஞ்சள் கண்ணாடி போட்டு, யூவி டார்ச்சை மேலிருந்து கீழாக அடியுங்கள். ஆயில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சில கூலன்ட்டுகளும் தாமாகவே பச்சையாக ஒளிரும் என்பதால் ரேடியேட்டர் பக்கம் ஏமாந்துவிடாதீர்கள். ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றிச் சிந்திய டையையும் முன்பே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே கசிவாகத் தெரியும்.

கசிவை நிறுத்தும் மருந்துகள்

லீக் ஸ்டாப் பாட்டில்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து மென்மையாக்கும். பழைய கிராங்க் சீலில் மெல்லிய கசிவு, கார் இன்னும் ஒரு வருடம்தான் என்றால் முயன்று பார்க்கலாம். கிழிந்த பேக்கிங்குக்கும் உதிர்ந்த மரைக்கும் பயனில்லை. கசிவுக்காக, 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றும் பழக்கத்தை மட்டும் ஆதரிக்க முடியாது. கெட்டி ஆயில் டைமிங் சோலனாய்டுக்கும் ஹைட்ராலிக் டென்ஷனருக்கும் சரியாகப் போய்ச் சேராமல், கசிவை விடப் பெரிய செலவை வைக்கும்.

எல்லாக் கசிவையும் சரிசெய்தாக வேண்டும் என்பதும் இல்லை. புழுதி ஒட்டிய ஈரம், சொட்டாத வரை, கண்காணித்தால் போதும். ஆனால் ஆல்டர்னேட்டர், டைமிங் பெல்ட், இன்ஜின் மவுண்டிங், சைலன்சர் மேனிஃபோல்டு ஆகியவற்றின் மேல் விழுவது எவ்வளவு சிறிய சொட்டானாலும் உடனே நிறுத்த வேண்டிய கசிவு.

வேலை முடிந்ததும் பழைய ஆயில் கறை முழுவதையும் துடைத்துவிடுங்கள். டை போட்டிருந்தால் அது அடுத்த ஆயில் மாற்றும் வரை ஆயிலில் இருக்கும், பழைய ஒளிர்வு புதுக் கசிவைப் போல ஏமாற்றும். 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், 500 கி.மீ.யில் மறுபடி. அடிப்பக்கக் கவரை அந்த இரண்டாவது பரிசோதனைக்குப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.